‘குடும்பம்’ என்பது யார்? கோந்த்வாவும் 1913இன் ஜோகன்னஸ்பர்க்கும்

புனே நகரின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள கோந்த்வா ஒரு காலத்தில் இரண்டு சிற்றூர்கள்: கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ரூக். ‘குர்த்’ என்பதும் ‘புத்ரூக்’ என்பதும் சிறியது, பெரியது எனப் பொருள்தரும் பாரசீகச் சொற்களின் மராத்தி வடிவங்கள். பேரரசுகள் போன பின்னும் அவற்றின் கணக்குச் சொற்கள் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இன்று அங்கே வயல்கள் இல்லை, அடுக்ககங்கள் இருக்கின்றன. 1990களுக்குப் பின் கன்டோன்மென்ட் பகுதியிலிருந்தும் பழைய பேட்டைகளிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் இங்கே இடம்பெயர்ந்தன. இங்கிருந்து துபாய்க்கும் லண்டனுக்கும் டொரான்டோவுக்கும் போகும் குடும்பங்களும் உண்டு.

அப்படிப் புறப்படும் குடும்பத்தின் முதல் வேலை காகிதம் சேர்ப்பதுதான். கணவனின் தரப்பில் வேலைக் கடிதமும் சம்பளச் சான்றும் போதும். மனைவியின் தரப்பில் அடுக்கு உயர்கிறது. உருதுவில் எழுதப்பட்ட நிகாஹ்நாமா, அதற்கு அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு, 1998ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பெற்ற சான்றிதழ், இவையெல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் அமைந்த பெயர். முண்ட்வாவிலுள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தில் தொடங்கி வெளிநாட்டுத் தூதரகத்தின் சாளரம் வரை இந்த அடுக்கு விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெண் இவருடைய மனைவிதானா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் மிகக் கூர்மையான கட்டம் நூறாண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. அதில் முன்வரிசையில் நின்றவர்கள் ஜோகன்னஸ்பர்க் நகரில் குடியேறியிருந்த தமிழ்ப் பெண்கள். ஆனால் அந்த வழக்கு தொடங்கியது ஒரு நிகாஹிலிருந்து.

அதற்குள் போகும் முன் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘சம்சாரம்’ என்றால் மனைவி. ‘குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அனுப்பப்பட்டவர் பெரும்பாலும் மனைவிதான். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதில் வரும் வீடும் அவரே. மராத்தியிலும் இதே கதைதான். பழைய தலைமுறைப் புனேக்காரர் ‘குடும்ப்’ என்றால் அது மனைவியைக் குறித்தது. வளைகுடா வேலைக்குப் போனோரின் ‘ஃபேமிலி விசா’ இந்தப் பழைய பொருளுக்கே ஆங்கில உடை போட்டது. குடும்பம் முழுவதையும் ஒரு பெண்ணின் மேல் ஏற்றிச் சொல்லும் இந்த வழக்கைக் குடியேற்றச் சட்டம் தன் போக்கில் பிடித்துக்கொண்டது. அவள் மனைவி என்று ஏற்கப்பட்டால் குடும்பம் உள்ளே வரலாம். இல்லையென்றால் குடும்பமே இல்லை.

நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் வந்தவர் 342 பேர். 1911இல் ஆள்சேர்ப்பு நிற்கும்வரை ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதம் அந்த முறையில் விதியாக இருந்தது. தோட்டத்துக்குத் தேவைப்பட்டது உழைப்பு. குடும்பம் அதற்கு ஒரு விகிதாசாரம் மட்டுமே. ‘கூலி’ என்ற தமிழ்ச் சொல் ஊதியத்தைக் குறிப்பதிலிருந்து விலகி மனிதரைக் குறிக்கும் வசைச்சொல்லாக அங்கே உருமாறியதும் இதே காலத்தில்தான்.

ஜோகன்னஸ்பர்க்கின் கதை வேறு. 1886இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டு உருவான நகரம் அது. அங்கே சென்ற தமிழர்களில் ஒப்பந்தம் முடிந்து நேட்டாலிலிருந்து வந்தவர்கள் உண்டு. தம் செலவில் கப்பலேறியவர்கள் உண்டு. மொரீஷியஸ் வழியாக வந்தவர்களும் உண்டு. தம்பி நாயுடு 1875இல் மொரீஷியஸில் பிறந்து, சிறுவனாகவே தென்னாப்பிரிக்கா வந்து, ஜோகன்னஸ்பர்க்கில் சரக்கு வண்டித் தொழில் நடத்தியவர். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட முனுசாமி முதலியாரின் குடும்பம் சிறு வணிகம் செய்து பிழைத்தது. அவர்களுடைய மகள் வள்ளியம்மை 1898இல் பிறந்தவள். தோட்டத்துக்குப் போன தமிழரிடமிருந்து இவர்களைப் பிரிப்பது இதுதான்: இவர்கள் குடும்பமாக வாழ, ஒரு பெருநகரத்தில் நிலைகொள்ள வந்தவர்கள்.

நகரம் அவர்களை அப்படி ஏற்கவில்லை. 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் ஆசியருக்குக் குடியுரிமையை மறுத்தது; ஒதுக்கப்பட்ட தெருக்களுக்கு வெளியே நிலம் வாங்கவும் தடை விதித்தது. ‘கூலி லொக்கேஷன்’ என்று அழைக்கப்பட்ட குடியிருப்பு 1904இல் பிளேக் பரவியபோது எரிக்கப்பட்டது. குடியிருந்தோர் நகருக்கு வெளியே கிளிப்ஸ்ப்ரூட் முகாமுக்கு மாற்றப்பட்டனர்.

1906இல் டிரான்ஸ்வால் அரசு கொண்டுவந்த ஆசியர் பதிவுச் சட்ட வரைவு பெண்களையும் பதிவுக்கு உட்படுத்தியது. பெண்கள் விரல்ரேகை பதிப்பதா என்று எழுந்த எதிர்ப்பில் அரசு பின்வாங்கி அவர்களுக்கு விலக்களித்தது. அன்று அது மானம் காத்த வெற்றியாகவே கொள்ளப்பட்டது. இன்று திரும்பிப் பார்க்கும் ஆய்வாளருக்கு அந்த விலக்கின் மறுபக்கமும் கண்ணில் படும். பதிவில்லாத பெண்ணுக்குத் தன் பெயரில் தாளும் இல்லை. எல்லையில் அவளுடைய உரிமை முழுவதும் கணவனின் பதிவுத் தாளைத் தொற்றி நின்றது. ஆகவே ‘மனைவி’ என்ற அந்த ஒரு சொல் விழுந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை.

அந்தச் சொல் 1913 மார்ச் 14 அன்று விழுந்தது. போர்ட் எலிசபெத்தில் குடியிருந்த ஹசன் ஈசாப் என்பவர் இந்தியாவில் முஸ்லிம் முறைப்படி மணந்த பாய் மரியம் என்னும் பெண்ணை அழைத்துவந்தபோது குடியேற்ற அதிகாரி அவரை உள்ளே விட மறுத்தார். வழக்கு கேப் உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிபதி மால்கம் சியர்ல் அளித்த தீர்ப்பின் சாரம் எளியது: பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணம் ஒன்றியத்தின் சட்டத்தில் திருமணம் ஆகாது. ஈசாப்புக்கு மனைவி ஒருவரே என்பது பொருட்படுத்தப்படவில்லை. அவருடைய சமயம் இன்னொரு மணத்துக்கு இடம் தருகிறது என்பதே போதுமானதாயிற்று.

இத்தீர்ப்பின் வீச்சு ஒரு முஸ்லிம் தம்பதியோடு நின்றுவிடவில்லை. அன்று இந்து, முஸ்லிம், பார்சி முறைத் திருமணங்கள் யாவும் இந்த வாதத்தின் கீழ் வந்தன. தாலி கட்டி, அக்கினி வலம் வந்து, பெற்றோர் கூடி நடத்திய திருமணத்துக்குப் பதிவேடு ஏது? ஜோகன்னஸ்பர்க்கில் பத்தாண்டு குடும்பம் நடத்திய தமிழ்ப் பெண் சட்டத்தின் கண்ணில் ஒரே நாளில் துணைவி நிலைக்குத் தள்ளப்பட்டாள். அவள் பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குள்ளானது. அவ்வாண்டே வந்த குடியேற்ற ஒழுங்குமுறைச் சட்டம் சிக்கலைத் தீர்ப்பதுபோல் ஒரு திருத்தத்தை ஏற்றது: எந்தச் சமயச் சடங்கின்படியும் ஒன்றியத்துக்கு வெளியே நடந்த ‘ஒருதார’ மணத்தின் மனைவி வரலாம். மொழியியலாளர் நின்று பார்க்க வேண்டிய அடைமொழி அது. ‘ஒருதார’ என்பது அந்த ஆணைக் குறித்ததா, திருமணத்தைக் குறித்ததா? ஆணைக் குறித்தால் ஏறத்தாழ எல்லோரும் தேறுவர். திருமணத்தைக் குறித்தால் அவருடைய சமயத்தின் இயல்பே அதைத் தகுதியிழக்கச் செய்யும். சியர்ல் தீர்ப்பு இரண்டாம் பொருளையே முன்வைத்திருந்தது. ஒரு பெயரடை எதைத் தழுவுகிறது என்பதில் ஆயிரக்கணக்கான வீடுகள் தொங்கின.

செப்டம்பர் 15 அன்று ஃபீனிக்ஸ் பண்ணையிலிருந்து கஸ்தூர்பா உள்ளிட்ட பதினாறு பேர் டிரான்ஸ்வால் எல்லை கடக்கப் புறப்பட்டு, வோல்க்ஸ்ரஸ்டில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். எதிர்த்திசையில் ஜோகன்னஸ்பர்க்கின் பெண்கள் கிளம்பினார்கள். பதினொருவர், பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள், அறுவரின் கையில் பால்குடிக் குழந்தைகள். முதலில் ஃப்ரீனிகிங் எல்லையைக் கடந்தார்கள், கைது செய்யவில்லை. உரிமமின்றிக் கூவி விற்றார்கள். அப்போதும் போலீஸ் கண்டுகொள்ளவில்லை. சிறைக்குப் போக இவ்வளவு அலைய வேண்டியிருந்தது. இறுதியில் நேட்டாலுக்குள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்துமாறு தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. அக்டோபர் 21 அன்று அப்பெண்கள் கைதானார்கள்.

மூன்று பவுன் வரியும் குடும்பத்தைப் பற்றியதே என்பதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி நாடு திரும்ப வேண்டும். அல்லது மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும். இரண்டும் இல்லையேல் ஆண்டுக்கு மூன்று பவுன். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, 1903க்குப் பின் வளர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. தனியாள் எப்படியோ கட்டிவிடலாம். குடும்பமாக வாழ்வதற்குத்தான் அபராதம். ஆகவே ஜோகன்னஸ்பர்க் வணிகனின் மனைவிக்கும் நியூகாசில் சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கும் இடையே வர்க்க வேறுபாடு இருந்தும் பேச ஒரு பொதுச் செய்தி இருந்தது. பேசப் பொதுமொழியும் இருந்தது. நவம்பர் 6 அன்று சார்ல்ஸ்டவுனிலிருந்து எல்லையைக் கடந்த பேரணியில் காந்தி தரும் கணக்கின்படி ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. அந்த நடையில் இரு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று பனிக்குளிரில், மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கை நழுவி.

அந்தப் பதினொரு பெண்களின் பட்டியலைத் தமது தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்று நூலில் காந்தி தருகிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேச பிள்ளை, திருமதி ஏ. பெருமாள் நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி கே. சின்னசாமிப் பிள்ளை, திருமதி என்.எஸ். பிள்ளை, திருமதி ஆர்.ஏ. முதலிங்கம், திருமதி பவானி தயாள் என ஒன்பது பேர். பிறகு செல்வி மீனாட்சி பிள்ளை, செல்வி பைக்கம் முருகேச பிள்ளை. சொந்தப் பெயரோடு நிற்பவர் மணமாகாத இருவர் மட்டுமே. மனைவி என்ற தகுதிக்காகச் சிறை சென்ற ஒன்பது பேரும் பட்டியலில் மனைவியாக மட்டுமே இருக்கிறார்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் என்பது வேறு வழிகளில் நமக்குத் தெரியும். எல்லோருக்கும் அந்த வாய்ப்பில்லை. குடியேற்ற அலுவலகம் கேட்ட அதே வடிவத்தில்தான் இயக்கமும் தன் பெண்களைப் பதிந்துகொண்டது. இதைக் குற்றமாகச் சொல்வதைவிட அக்காலத்துப் பதிவு மரபின் அடையாளமாகக் கொள்வது பொருத்தம். ஆயினும் ஆவணக்காப்பகத்தில் தமிழ்ப் பெண்களைத் தேடும் மாணவர்கள் முட்டி நிற்கும் முதற்சுவர் இதுதான்.

இந்தக் காலம் முழுவதும் புனே சும்மா இருக்கவில்லை. 1905இல் அங்கே இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவிய கோபால கிருஷ்ண கோகலே, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்புவதைத் தடுக்கும் தீர்மானத்தை 1910 பிப்ரவரி 25 அன்று மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர். 1912 அக்டோபரில் தென்னாப்பிரிக்கா சென்று நவம்பரில் பிரிட்டோரியாவில் போத்தாவையும் ஸ்மட்ஸையும் சந்தித்தார். வரி நீக்கப்படும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். அது நடக்கவில்லை, 1913 வேலைநிறுத்தத்தின் உடனடிக் காரணங்களுள் அந்த ஏமாற்றமும் ஒன்று. உடல்நலம் கெட்டிருந்த நிலையிலும் அவர் போராட்டத்துக்கு நாடெங்கும் நிதி திரட்டினார். ஆண்ட்ரூஸும் பியர்சனும் கப்பலேற வழிசெய்தார். நவம்பர் 24 அன்று சென்னையில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் போராடுவோருக்கு வெளிப்படையாகப் பரிவு தெரிவித்தது லண்டனையே திடுக்கிட வைத்தது.

டிசம்பர் இறுதியில் தாயோடு சென்று தண்டனை பெற்ற வள்ளியம்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலுக்கு ஆளானாள். வெளிவந்தபின் நெடுநாள் பிழைக்கவில்லை. 1914 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தாள். அவளுக்கு வயது பதினாறு. பிராம்ஃபான்டெய்ன் இடுகாட்டில் அவளுக்கும், 1909இல் இறந்த நாகப்பனுக்கும் நினைவுக்கற்கள் 1914 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டன. தமிழகத்தில் தில்லையாடி வள்ளியம்மை என்றே அவளை அறிகிறோம். ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த பெண் பெற்றோரின் ஊர்ப்பெயரால் நிலைபெற்றாள். நினைவுச் சின்னங்களில் அவள் தேசத்துக்காக மாண்ட சிறுமி. அவள் சிறை சென்ற போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று தாயின் திருமணம் செல்லுபடியாக வேண்டும் என்பது. அந்தப் பகுதி மேடைப் பேச்சுகளில் நழுவிவிடுகிறது.

1914இன் இந்தியர் நிவாரணச் சட்டம் வெற்றிதான். மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்தியச் சமயங்களின்படி நடந்த திருமணம் ஏற்கப்பட்டது. ஆனால் அதன் வாசகத்தை மெல்லப் படிக்க வேண்டும். ஏற்கப்பட்டவர் ஒரு மனைவி. அவருடைய பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஊரில் விட்டுவந்த தாய், கைம்பெண்ணான அக்கா, தம்பி, பதினேழு வயதான மகன் ஆகியோர் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. கூட்டுக் குடும்பமாய்க் கப்பலேறும் எண்ணத்தைச் சட்டம் தடுக்கவில்லை. அதைக் குடும்பம் என்று அழைக்க மறுத்தது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, வசிப்புரிமையைத் துறந்துவிட்டு இந்தியா திரும்புவோருக்கு இலவசப் பயணச்சீட்டு அளித்தது. நேட்டாலில் முன்பு வழங்கிய வசிப்புச் சான்றில் கட்டைவிரல் ரேகை பொருந்தினால் உரிமைக்கு அதுவே முடிவான ஆதாரம் என்றது மற்றொரு பிரிவு. திருமணத்தின் தூய்மையைப் பற்றித் தொடங்கிய வாதம் ரேகையில் வந்து முடிந்தது.

கோகலேயின் மறைவுக்குப் பின் புனேச் சங்கத்தின் தலைமைக்கு வந்தவர் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் பிரதிநிதியாகப் போனவரும் அவரே. அவ்வாண்டின் கேப் டவுன் உடன்பாடு பிள்ளைகள் தாயோடு சேர்ந்தே வர வேண்டும் என்று வரையறுத்தது. நாடு திரும்பச் சம்மதிக்கும் பெரியவருக்கு இருபது பவுன், பிள்ளைக்குப் பத்து பவுன் என்றும் விலை வைத்தது. 1953ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியாவிலிருந்து மனைவியர் வரும் வாசலையே அடைத்தது.

பிற நாடுகளும் இதே பாதையில் முன்பின்னாக நடந்தன. கனடா தன் நாட்டில் இருந்த இந்தியரின் மனைவியரையும் சிறு பிள்ளைகளையும் 1919இல்தான் அனுமதித்தது. லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் மணம்புரிய வந்த இந்தியப் பெண் ஒருவருக்குக் கன்னிமைச் சோதனை நடத்தப்பட்ட செய்தி 1979இல் வெளிவந்தது. சான்றாகத் தாள் போதாமல் உடலே கேட்கப்பட்ட கட்டம் அது. ஒரு திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் இல்லை என்பதை அயல்நாட்டுக் கணவர் நிறுவ வேண்டும் என்ற பிரிட்டிஷ் விதி 1997வரை நீடித்தது.

இந்தியாவிலும் அந்தத் தாள் இப்போது எங்கும் உண்டு. 2006இல் உச்ச நீதிமன்றம் எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் கட்டாயமாகப் பதிவாக வேண்டும் என்று பணித்தது. தமிழ்நாடு 2009இல் அதற்கெனச் சட்டம் செய்தது. மகாராஷ்டிரம் முன்பே செய்திருந்தது. உள்நாட்டில் பெண்ணின் சீவனாம்சத்துக்கும் வாரிசுரிமைக்கும் பயன்படும் என்றே இச்சட்டங்கள் வாதிக்கப்பட்டன. ஆனால் பதிவு அலுவலகத்தில் அவசரமாக வரிசையில் நிற்பவர்களை விசாரித்தால் பெரும்பாலும் விசா ஒன்று பின்னால் இருக்கும். தமிழில் குடியேற்றம், குடியகல்வு, குடியுரிமை என எல்லாம் ‘குடி’யிலிருந்தே பிறக்கின்றன. பழந்தமிழில் அது வீட்டையும் குலத்தையும் ஊரையும் ஒருங்கே குறித்த சொல். விசாப் படிவத்தில் அதற்கு நேராக நிற்கும் கட்டம் ‘சார்ந்திருப்போர்’ என்பது. அதில் கோந்த்வாவின் மாமியாருக்கு இன்றும் பெரும்பாலும் இடமில்லை. அவருக்குத் தனியே, ஆறு மாத வருகையாளர் விசா.

திருமணத்தின் பெயரால் 1913இல் சிறை சென்ற கஸ்தூர்பா, முப்பதாண்டுகளுக்குப் பின் கைதியாகவே இறந்தது புனேயில்தான். ஆகா கான் மாளிகை, 1944 பிப்ரவரி 22. வள்ளியம்மை இறந்த அதே தேதி. அவருடைய சமாதி அங்கே இருக்கிறது, கோந்த்வாவிலிருந்து சில மைல் தொலைவில்.